வெயிலில் காயவைத்த மாப்பிள்ளை கார்

வண்டி கழுவுவது சுலபமான தொழில் என்று சொல்பவர்கள், அடுத்தவர் வண்டியைக் கழுவிக் கொடுத்துவிட்டு, அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்க்கும்போது பக்கத்தில் நின்றிருக்க மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாளியும் பழைய துணியுமாக வாசலில் குனிந்து நிற்கும் அன்பர்களே, உங்கள் இடுப்பு வலி எனக்குத் தெரியும். நீங்கள் கழுவி முடித்ததும் காக்கா எங்கே வந்து உட்காரும் என்பதும் தெரியும். உங்களுக்கு வாரம் ஒரு நாள்; எனக்கு அதுவே பிழைப்பு. தாம்பரம் கேம்ப் ரோட்டில் நானும் என் கணவர் சேகரும் வாட்டர் சர்வீஸ் வைத்திருந்தோம். ஆயில், கிரீஸ், பள்ளத்துக்குள் இறங்குவது எல்லாம் அவர் வேலை. கழுவல் என் இலாகா. கூடமாட ஒத்தாசைக்குப் பையன் டில்லி. கையில் பிரஷர் கன் கிடைத்துவிட்டால் டில்லிக்கு எதிரே நிற்பது காரா, சுவரா, ஆளா என்று தெரியாது.

கல்யாணத்துக்கு முன்னால் நான் சானடோரியம் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷனில் இருந்தேன். சட்டையை விரித்துப் போட்டு, தையல் எங்கே விட்டிருக்கிறது, கறை எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. காருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சேகரும் அப்படித்தான் கேட்டார். கூரை துணியால் ஆன ஒரு கார் எங்கள் ஷெட்டுக்குள் வருகிற வரைக்கும்.

தலைக்கு ஊற்றிய கதை

இரண்டாயிரத்துக்குப் பிறகு புறநகரில் கல்யாண மண்டபங்கள் முளைத்துக்கொண்டிருந்த வருடங்கள். பொழிச்சலூர் ஏகாம்பரம் அண்ணன் ஒருநாள் காலையில் ஒரு பழைய வெளிநாட்டு ஓப்பன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். வெள்ளை பாடி, வெள்ளைத் துணியில் மடக்குக் கூரை, பின்னால் கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் ஜன்னல். டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு வந்து பார்த்தார்கள். “எங்க நெலத்த பிளாட் போட்டு வித்தோம்ல, அதுல வாங்கனது தங்கச்சி. மாப்ள அழைப்புக்கு வாடகைக்கி வுடுவேன். ஆனா எம் பொண்ணு கல்யாணத்துக்கு வர்ற மாப்ள இதுலதான் ஊர்கோலம் வரணும். அன்னிக்கி இந்த வெள்ளத் துணியில ஒரு கறை கீதுன்னு எவனும் சொல்லக்கூடாது. உன்னால ஆவுமா?” என்றார். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறு என்ன சொல்வது? “ஆகும்ணா” என்றேன். சொன்ன பிறகுதான் கூரையைத் தொட்டுப் பார்த்தேன்.

டில்லி அதற்குள் கன்னைத் தூக்கிவிட்டான். பிடுங்கி வைத்தேன். அந்த வேகத்தில் தண்ணீர் அடித்தால் தையல் பிரிந்துவிடும், துணி பஞ்சு பஞ்சாக எழுந்து நிற்கும். காரை நிழலில் தள்ளச் சொன்னேன். கூரையை இழுத்து மூடி, கொக்கிகள் நன்றாக மாட்டியிருக்கின்றனவா என்று உள்ளே உட்கார்ந்து பார்த்தேன். சாதாரண ஹோஸில் மெதுவாக நனைத்து, துளி ஷாம்புவில் நுரை கட்டி, கோட்டுத் துணிக்குப் போடும் மெல்லிய பிரஷ்ஷால் இழை ஓடுகிற பக்கமாகவே தேய்த்தேன். கண்ணாடியும் துணியும் சேருகிற இடத்தில் மட்டும் நேராகத் தண்ணீர் விடாமல் மேலிருந்து வழியவிட்டேன். நுரை ஒரு பொட்டு இல்லாமல் அலசினேன். இது காரின் பாகமே இல்லை, ஒரு துணி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஏகாம்பரம் அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது. பக்கத்தில் வந்து குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: “இன்னா தங்கச்சி, காரு கழுவுறியா, கொயந்தைக்கு தலைக்கு ஊத்தினுகிறியா?”

பனியன் பஞ்சம்

காரை ஓட்டுகிற பொறுப்பு ஏகாம்பரம் அண்ணனின் மச்சான் ரவிக்கு. வாரத்துக்கு ஒரு செல்போன் ரிங்டோன் மாற்றுவான், அதைத் தவிர அவனிடம் குறை சொல்ல முடியாது என்று நினைத்திருந்தேன். ஒருநாள் நான் உள்ளே போய் வருவதற்குள், நியூஸ் பேப்பரைச் சுருட்டிப் பின்னாலிருந்த பிளாஸ்டிக் ஜன்னலை வரட்டு வரட்டென்று தேய்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடிக்குப் பேப்பர் போடுவது ஊர் வழக்கம்தான். ஆனால் அது கண்ணாடி இல்லையே! தூசியோடு காய்ந்த பேப்பரால் தேய்த்தால் கீறல் விழும், அப்புறம் பின்னால் வருவது லாரியா, மாடா என்று தெரியாது. ரவியை நான் திட்டிய திட்டில் எதிர்க்கடைக்காரர் ரேடியோவை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

அன்றிலிருந்து அந்த ஜன்னலுக்கு முதலில் தண்ணீர், பிறகுதான் கை என்று சட்டம் போட்டேன். நனைந்த, நன்றாகப் பழகிய பருத்திப் பனியன்தான் அதற்குச் சரியான துணி, புதுத்துணி சரிப்படாது. பழகிய பனியன் எங்கே கிடைக்கும்? ஒரு மாதம் கழித்து சேகர் அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்: “ஏம்மா, கார் எல்லாம் பனியன் போட்டுக்குது, நான் மட்டும் வெறும் சட்டையோட திரியறேன்.”

நெல் விளைந்த இடம்

மடக்குக் கூரை உள்ள காரில் கூரையைச் சுற்றி ஒரு பள்ளம் ஓடும். மழைத் தண்ணீர் அதில் இறங்கி, சின்னத் துளைகள் வழியாகக் கீழே போய்விட வேண்டும். மற்ற ஊர்களில் அந்தத் துளையில் இலை அடைக்குமாம். எங்கள் ஊரில் மல்லிகைப்பூ, ரோஜா இதழ், ஜிகினாத்தாள், அட்சதை. மாப்பிள்ளை மேல் தூவுவதில் பாதி காருக்குத்தான் போகும். ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் பிறகு நான் ஊதுவத்திக் குச்சியில் பஞ்சைச் சுற்றிக்கொண்டு, மெதுவாக அந்தத் துளைகளைச் சுத்தம் செய்வேன். குத்திவிடக்கூடாது, உள்ளே ரப்பர் குழாய் இருக்கிறது.

ஒருமுறை மழையோடு மழையாக இரண்டு வாரம் கார் ஷெட்டுக்கு வரவில்லை. வந்தபோது பின்சீட்டுக்கு மேலே அந்தப் பள்ளத்தில் பச்சையாக ஏதோ தெரிந்தது. ஏதோ ஒரு கல்யாணத்தில் படி நிறைய நெல் வைத்த தட்டைப் பின்சீட்டில் கவிழ்த்திருக்கிறார்கள். தூசியும் அழுகின பூவும் எருவாகி, வரிசையாக நாற்று நின்றது. நான் பதறிப்போய் ஏகாம்பரம் அண்ணனுக்குப் போன் செய்தேன். அவர் வந்து, கோபப்படாமல், ஒரு நாற்றை விரலால் தடவிப் பார்த்தார். அப்புறம் சிரித்தாரா, வேறு ஏதாவதா என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. “நெலத்த வித்துட்டு வாங்கன வண்டி இது. இது உள்ளயும் வந்து மொளைக்குதே தங்கச்சி, வுடமாட்டேங்குதே!”

நாவலூர்த் தம்பி

எங்கள் பேர் பரவியது. ரவி போகிற இடமெல்லாம் சொல்லியிருக்க வேண்டும். நாவலூரில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, பட்டனை அழுத்தினால் தானே மடங்குகிற கூரையோடு ஒரு குட்டிக் காரைக் கொண்டுவந்தார். மரியாதையான பிள்ளை. அன்று சாயங்காலம் நண்பர்களோடு மகாபலிபுரம் போக வேண்டுமாம். கழுவி முடித்ததும் பட்டன் மேல் விரலை வைத்தார். நான் சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். ஈரத்தோடு துணியை மடக்கினால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். மடித்த மடிப்பில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி விழுந்தால் ஒருத்தராலும் எடுக்க முடியாது. மேலே தொட்டால் காய்ந்தது போலத்தான் இருக்கும், மடிப்பிலும் தையலிலும் ஈரம் ஒளிந்திருக்கும்.

தம்பி கெஞ்சினார். நண்பர்கள் போன் மேல் போன் போட்டார்கள். நான் மசியவில்லை. அவர் ஷெட்டிலேயே உட்கார்ந்து, சேகருக்கு வந்த தோசையில் பாதியைச் சாப்பிட்டு, டில்லியோடு கிரிக்கெட் பேசி, கூரை முழுக்கக் காய்ந்த பிறகு சாவியை வாங்கிக்கொண்டு போனார். போகும்போது சொன்னது: “எங்க மேனேஜர்கூட எனக்கு இவ்ளோ கண்டிப்பா லீவ் மறுத்ததில்லக்கா.”

மெஷினே சொன்ன விலாசம்

ஜி.எஸ்.டி. ரோட்டில் புதிதாக ஒரு மெஷின் வாஷ் திறந்தார்கள். கார் உள்ளே போனால் பெரிய பெரிய பிரஷ்கள் சுழன்று கழுவும், ஆள் இறங்கவே வேண்டாம். எங்கள் பழைய கஸ்டமர் நாலைந்து பேர் அங்கே போய்விட்டார்கள். எனக்கு உள்ளுக்குள் எரிச்சல்தான், மறைப்பானேன். அதிலும் ரவி காரை அங்கே ஓட்டிக்கொண்டு போனதை டில்லி பார்த்துவிட்டு வந்து சொன்னபோது சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். மகள் கல்யாணம் வரைக்கும் என் பொறுப்பு என்று சொல்லிவிட்டு, இப்போது பிரஷ்ஷுக்குள் விடுகிறார்களே என்று அழுகை வந்தது.

கொஞ்ச நேரத்தில் கார் எங்கள் ஷெட் வாசலில் நின்றது. ரவி தலையைச் சொறிந்துகொண்டு இறங்கினான். அங்கே உள்ளே விடவில்லையாம். வாசலில் நின்ற மெஷின்காரர் கூரையைப் பார்த்ததும் கையைக் குறுக்கே நீட்டிச் சொன்னாராம்: “துணி டாப்புக்கு நம்ம மெஷின் ஆவாதுபா, கீஞ்சிடும். கேம்ப் ரோட்டுல ஒரு அக்கா கீறாங்க, அவங்க கைலதான் குடுக்கணும்.” அதை மூன்று தடவை ரவி வாயால் சொல்ல வைத்துக் கேட்டேன்.

ரத்தம் இல்லை, ஆரத்தி

ஆவணி மாதம் ஏகாம்பரம் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. அன்று காலை ஷெட்டைத் திறக்கும்போதே ரவி காரோடு காத்திருந்தான். முகம் வெளிறிப்போயிருந்தது. முந்தின நாள் காரை வெளியே எடுக்கக்கூடாது என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். இவனோ நண்பன் கல்யாணம் என்று பம்மலுக்கு எடுத்துப் போயிருக்கிறான். மணமக்களை வீட்டு வாசலில் இறக்கியபோது, ஆரத்தி எடுத்த அம்மாள் கை தடுமாறி, தட்டோடு தண்ணீரை மடக்கியிருந்த கூரை மேல் ஊற்றிவிட்டாள். இவன் விடியற்காலையில் துணி சோப்பைப் போட்டுத் தேய்த்திருக்கிறான். வெள்ளைத் துணியில், சரியாக மாப்பிள்ளை முதுகுக்குப் பின்னால் வருகிற இடத்தில், திட்டுத் திட்டாகச் சிவப்பு. டில்லி பார்த்தவுடன் “அய்யய்யோ, ரத்தம்!” என்றான். மாப்பிள்ளை வீட்டார் கண்ணிலும் அப்படித்தான் படும். நல்ல காரியத்தில் ரத்தக்கறையா என்று ஒருத்தர் வாய் திறந்தால் போதும், அந்தப் பெண்ணுக்குக் காலம் முழுக்கப் பேச்சு.

ஆரத்தித் தண்ணீர் என்றால் மஞ்சளும் சுண்ணாம்பும். சுண்ணாம்பு பட்டதால்தான் மஞ்சள் சிவந்தது. சோப்பும் அதே வேலையைத்தான் செய்யும். ரவி தேய்க்கத் தேய்க்கக் கறை ஏறியிருக்கிறது. சிவப்பைத் திருப்ப வேண்டும் என்றால் புளிப்பு வேண்டும். சுற்றிலும் பார்த்தேன். டேஷ்போர்டில், நாலு டயருக்கும் கீழே வைத்து நசுக்குவதற்காக வாங்கிய எலுமிச்சம்பழங்கள் இருந்தன. எடுத்தேன். சேகர் பதறினார்: “கௌரி, அது பூஜைக்கு வெச்சதும்மா!” நானும் பூஜைதான் செய்கிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு வாளித் தண்ணீரில் பிழிந்தேன். டயருக்கு அடியில் நசுக்கத்தானே என்று பார்க்காமல் பெரிய பழமாக வாங்கியிருந்த ரவிக்கு அந்த ஒரு விஷயத்தில் நன்றி.

சோப்பு போகும்வரை அலசிவிட்டு, எலுமிச்சைத் தண்ணீரை மெல்லிய பிரஷ்ஷால் தடவினேன். எங்கள் கண் முன்னாலேயே சிவப்பு விலகி மஞ்சளானது. ரவிக்கு இன்னும் பயம் தெளியவில்லை: “சேப்ப தொரத்திட்ட, சரி. இந்த மஞ்சள எங்கக்கா தொரத்துவ? மாமா என்னை வெட்டியே பூடுவாரு!”

வானம் பார்த்த பூமி

மஞ்சள் பயப்படுவது வெயிலுக்கு மட்டும்தான். மஞ்சள் தேய்த்துக் குளித்த துண்டைக் கொடியில் போடுகிற எந்தப் பெண்ணுக்கும் இது தெரியும். ஆனால் பாருங்கள், இத்தனை வருடமாக நிழல், நிழல் என்று கத்தியவள் நான். ஓப்பன் காரை வெயிலில் கழுவக்கூடாது, வெயிலில் விடக்கூடாது என்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவள். இப்போது என் வாயாலேயே “காரை வெயில்ல தள்ளுங்கப்பா” என்றேன். டில்லி என் நெற்றியைத் தொட்டுப் பார்க்க வந்தான்.

எதிரே இருந்த காலி மனையில் நிறுத்தினோம். கூரையை இறுக்கமாக மூடி, எலுமிச்சை வாசனை போக நன்றாக அலசி, வெயில் நகர நகர நாங்களும் காரைத் திருப்பினோம். டில்லி ஒரு கம்பை வைத்துக்கொண்டு, வடாம் காவல் காப்பது போலக் காக்கா ஓட்டினான். மஞ்சள் கொஞ்சம் கொஞ்சமாக இளைத்தது. அப்போது பார்த்து மேற்கே மேகம் கூடியது. மழை வந்தால் கறையும் போகாது, துணியும் காயாது. ஈரக் கூரையை மடக்கவும் முடியாது, மடக்காமல் மாப்பிள்ளையை ஊர்வலம் விடவும் முடியாது. அந்த நேரத்தில்தான் ஏகாம்பரம் அண்ணன் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.

ரவி எல்லாவற்றையும் சொன்னான். கத்துவார் என்று நினைத்தேன். அவர் கூரையருகே போய் மஞ்சளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நான் சொன்ன சொல்லு இருக்குண்ணா” என்றேன். குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. அவர் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மண்டபத்திலிருந்து போன் வந்தபடி இருந்தது, எடுக்கவில்லை. மேகம் எங்கள் தலைக்கு மேல் வந்து, கொஞ்சம் நின்று, வண்டலூர்ப் பக்கம் நகர்ந்து போனது. மறுபடி வெயில் சுள்ளென்று அடித்தது. அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நெல்லு காயவெச்ச காலத்துலகூட நான் இவ்ளோ நேரம் வானத்த பாத்துகினு குந்தினதில்ல தங்கச்சி.”

மாப்பிள்ளை ஊர்வலம்

கூரை சருகாகக் காய்ந்தது. மடிப்பு மடிப்பாகத் தொட்டுப் பார்த்து நானே மடக்கினேன். சிவப்பின் சுவடே இல்லை. ஆனால் செக்கிங் செக்‌ஷன் கண்ணுக்குத் தப்புமா? மேல் மடிப்பின் பின்விளிம்பில், நடுவில், பழுத்த எலுமிச்சைத் தோல் நிறத்தில் ஒரு மெல்லிய திட்டு மிச்சமிருந்தது. வெயில் இறங்கிவிட்டது. இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை. பூக்காரரிடம் அந்த இடத்தில் ஒரு சரம் விடச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு முன்பக்கம் முழுக்க ரோஜா வைத்தார், பின்னால் இரண்டு ஓரத்திலும் மல்லிகைச் சரம் தொங்கவிட்டார், சரியாக அந்தத் திட்டை மட்டும் விட்டுவிட்டார்.

பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பொழிச்சலூர் போனேன். கோயில் வாசலிலிருந்து நாதஸ்வரத்தோடு ஊர்வலம் புறப்பட்டது. மாப்பிள்ளை பின்சீட்டின் மேல்பக்கம் ஏறி, மடக்கிய கூரையில் சாய்ந்து உட்கார்ந்தார். வீடியோக்காரர் விளக்கைப் பின்னாலிருந்து பிடித்தார். அந்த வெளிச்சத்தில் மஞ்சள் எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. ஏகாம்பரம் அண்ணனுக்கும் தெரிந்தது. கூட்டத்துக்கு அந்தப் பக்கம் நின்று என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் அத்தை, நல்ல கனத்த உடம்பு, கணீரென்ற குரல், காருக்குப் பின்னால் வந்து குனிந்தார். விரலால் அந்த இடத்தைத் தடவினார். மோந்து பார்த்தார். அவர் நிமிர்ந்து, நாதஸ்வரத்தையும் தாண்டி, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்: “அடியே, இங்க வந்து பாருங்கடி! பொண்ணு வூட்டுக்காரங்க எவ்ளோ மொறயா செய்றாங்க, காருக்கும் நலங்கு வெச்சி மஞ்சா பூசிக்கீறாங்க!”

ஏகாம்பரம் அண்ணன் சட்டென்று, “பூசினது நம்ம தங்கச்சிதான்” என்று என்னைக் கைகாட்டிவிட்டார். காலம் பூராவும் கறையைப் போக்கியே பிழைத்தவள் நான், ஆனால் பொழிச்சலூர் முழுக்க எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது போகாமல் நின்ற அந்த ஒரு கறைதான்.